கரையாத பச்சைத் தூள்: காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தெரிந்துகொண்டு கலப்போம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், தக்காளி, மிளகாய், வாழை, மஞ்சள் என்று எதைச் சாகுபடி செய்திருந்தாலும், மருந்துக் கடையில் நம் கைக்கு வந்து சேரும் பாக்கெட் ஒன்று உண்டு. பிரித்தால் வெளிர் பச்சை நிறத்தில் மாவு போல இருக்கும். உறையில் 'காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதம், நனையும் தூள்' என்று அச்சடித்திருப்பார்கள். பூஞ்சாணக் கொல்லிகளில் பழையது, விலை குறைந்தது, சரியாகப் பயன்படுத்தினால் இன்றும் கைவிடாதது. ஆனால், இந்த அளவுக்குத் தவறாகக் கலக்கப்படும் மருந்து வேறு இல்லை என்பதும் என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். "மூணு தடவை அடிச்சாச்சு சார், புள்ளி நிக்கவே இல்லை. கடைசி நாலு சாலுல மட்டும் இலை கருகிப் போச்சு. கடைக்காரர் போலி மருந்து கொடுத்துட்டார்" என்று தோட்டத்துக்காரர் கொதித்தார். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மேலே அரை கிலோ தூளைக் கொட்டி, குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாளியால் மேலாக மொண்டு டேங்க் டேங்காக அடித்திருக்கிறார். மீதமிருந்த தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் பச்சை வண்டல் படிந்து கிடந்தது. முதல் டேங்குகளில் போனது ஏறக்குறைய வெறும் தண்ணீர். கடைசி டேங்குகளில் போனது கூழ். மருந்து போலி இல்லை. அது கரையாது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

செம்புக் குடத்தின் பச்சைக் களிம்பு

உப்பு பட்ட செம்புப் பாத்திரத்தைக் கழுவாமல் ஈரத்தோடு போட்டு வைத்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும் அல்லவா? அதில் இருப்பதும் இந்த மருந்தும் நெருங்கிய உறவு. தாமிரம், உப்பிலிருக்கும் குளோரின், காற்று, ஈரம் நான்கும் சேர்ந்தால் இந்தச் சேர்மம் உருவாகும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் இது கனிமமாகவே கிடைக்கிறது. அந்தப் பாலைவனத்தின் பெயரால் 'அட்டகாமைட்' என்று அழைக்கிறார்கள். மண்ணுக்கடியில் கிடந்து எடுக்கப்படும் வெண்கலச் சிலைகளில் பச்சைப் பொடியாக உதிர்ந்து, சிலையையே அரித்துவிடும் 'வெண்கல நோய்' என்பதும் இதே சேர்மத்தின் வேலைதான். சிலைக்கு நோயாக வருவது செடிக்கு மருந்தாகிறது.

வேதியியலில் தாமிரம் இடைநிலை உலோகங்களில் ஒன்று. இரும்பு, துத்தநாகத்தின் வரிசையில் வருவது. இந்தச் சேர்மத்தின் ஒரு மூலக்கூறில் இரண்டு தாமிரம், மூன்று ஹைட்ராக்சில், ஒரு குளோரின் இருக்கும். அதனால் இதைத் தாமிர ஹைட்ராக்சி குளோரைடு என்பதே சரி. வணிகத்தில் ஆக்ஸிகுளோரைடு என்ற பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அப்படியே சொல்வோம். தூய சேர்மத்தில் எடையில் 59.5 சதம் தாமிரம் உண்டு. பாக்கெட்டில் 50 சதம் என்று போட்டிருப்பது தாமிர உலோகத்தின் அளவு. அதாவது ஒரு கிலோ தூள் வாங்கினால் அரை கிலோ தாமிரம் உங்கள் நிலத்துக்குப் போகிறது. இந்தக் கணக்கைப் பிற்பாடு எடுத்துக்கொள்வோம்.

தண்ணீரில் கரையாது. நீர்த்த அமிலத்தில் கரையும். அம்மோனியாவில் கரைந்து அடர் நீல நிறமாகும். காரம் மிகுந்தால் தாமிர ஹைட்ராக்சைடாக மாறிவிடும். கடுமையாகச் சூடாக்கினால் சிதைந்து கறுப்பான தாமிர ஆக்சைடாகும்.

ஆலையில் எப்படித் தயாராகிறது?

மூலப்பொருள் பெரும்பாலும் தாமிரத் துண்டுகளும் பழைய மின்கம்பிகளும்தான். இவற்றைத் தாமிரக் குளோரைடு கரைசலில் போட்டு, அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே கலக்குவார்கள். கரைசல் உலோகத்தை மெல்ல அரிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரும்போது பச்சை நிறத்தில் ஆக்ஸிகுளோரைடு படியும். குளோரைடாக ஒரு பங்கு தாமிரம் இருந்தால், உலோகமாக மூன்று பங்கு சேர வேண்டும் என்பது கணக்கு. இன்னொரு முறையில், தாமிரக் குளோரைடு கரைசலில் சுண்ணாம்பையோ காஸ்டிக் சோடாவையோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். நடுநிலைக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். காரம் கூடிவிட்டால் கிடைப்பது வேறு பொருள்.

படிந்ததை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, மிக நுண்ணிய தூளாக அரைப்பார்கள். இந்த அரைப்பில்தான் சரக்கின் தரமே இருக்கிறது. துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நேரம் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவு பரப்பில் இலையை மூடும், மழைக்கும் எளிதில் உதிராது. பிறகு தண்ணீரில் நனைவதற்கும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்பதற்கும் துணைப் பொருள்களையும் களிமண் தூளையும் சேர்ப்பார்கள். 'நனையும் தூள்' என்ற பெயருக்கு இதுதான் பொருள். கரையும் தூள் என்று யாரும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை வீட்டில் தயாரிக்கலாமா என்று பயிற்சி முகாம்களில் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அமிலத்தோடு விளையாடும் வேலை. துகளின் அளவையும் நம்மால் கட்டுப்படுத்த முடியாது. சொந்தமாகத் தயாரிக்க விரும்புபவர்களுக்குப் போர்டோ கலவை இருக்கிறது. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்பவர்களைப் பயமுறுத்த மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். நாம் பயன்படுத்தும் தாமிர மருந்துகளுக்கெல்லாம் தொடக்கம் அதுதான். ஒரு சதப் போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு. இலையில் ஒட்டி நிற்பதில் இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அன்றன்று தயாரித்து அன்றே அடித்துவிட வேண்டும். பாக்கெட்டாக வாங்கி வைத்துக்கொள்ளும் வசதிதான் ஆக்ஸிகுளோரைடைப் பரப்பியது.

கரையாத மருந்து எப்படி நோயைத் தடுக்கிறது?

இலை மேல் படிந்த தூள் அப்படியே உட்கார்ந்திருக்கும். பனி, தூறல், இலையின் கசிவு இவற்றால் மேலே ஈரப் படலம் உண்டாகும்போது, மிக மிகச் சிறிய அளவு தாமிரம் அயனியாக வெளியேறும். பூஞ்சாண வித்து முளைப்பதற்கும் அதே ஈரம்தான் வேண்டும். முளைக்கும் வித்திலிருந்து கசியும் அமிலங்கள் தாமிரத்தை இன்னும் கொஞ்சம் விடுவித்துத் தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தாமிரம், நொதிகள் பலவற்றை ஒரே நேரத்தில் முடக்கிவிடும். முளைப்பு அத்தோடு நிற்கும்.

ஒரே இடத்தைத் தாக்காமல் பல இடங்களைத் தாக்குவதால் பூஞ்சாணங்களுக்கு இதை எதிர்த்துத் தாங்கும் திறன் எளிதில் வருவதில்லை. புதிய ஊடுருவும் மருந்துகள் சில ஆண்டுகளிலேயே செயலிழக்கும் போதும் இந்தப் பழைய மருந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். பாக்டீரியாக்கள் விஷயம் வேறு. தக்காளி, மிளகாயில் பாக்டீரியா இலைப்புள்ளியை உண்டாக்கும் கிருமிகளில் தாமிரத்தைத் தாங்குபவை பல நாடுகளில் காணப்பட்டுள்ளன.

இதிலிருந்து இரண்டு செய்திகள். ஒன்று, இது இலைக்குள் போகாது. வித்து உள்ளே நுழைந்துவிட்ட பிறகு இந்த மருந்தால் எதுவும் செய்ய முடியாது. இருக்கிற புள்ளி மறையவில்லையே என்று மறுபடி மறுபடி அடிப்பது வீண். மருந்து வேலை செய்கிறதா என்று பழைய இலையில் பார்க்காதீர்கள். புதிதாக விரிந்த இலையில் பாருங்கள். இரண்டு, அடித்த பிறகு வெளிவரும் இலைக்குப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் மழைக்காலத்தில் 10 முதல் 15 நாள் இடைவெளியில் மறுபடி தெளிக்கச் சொல்கிறோம். திராட்சை அடிச்சாம்பல் போன்ற நோய்களில் கிருமி நுழைவது இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக. அடிப்பக்கம் நனையாவிட்டால் மேலே எவ்வளவு பச்சையாகப் பூசினாலும் பயனில்லை.

மழைக்குப் பின்னா, முன்னா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முன்புதான். தெளித்து நன்றாகக் காய்ந்துவிட்டால் ஓரளவு மழையைத் தாங்கும். காயும் முன் பெய்தால் வழிந்துவிடும். வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழைக்கு முந்தைய நாள் காலையில் அடிப்பவர்தான் இந்த மருந்தின் முழுப் பலனையும் அடைகிறார்.

கலக்கும் முறை

பொதுவான அளவு லிட்டருக்கு 2.5 கிராம். 10 லிட்டர் டேங்குக்கு 25 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 40 கிராம். தீப்பெட்டிக் கணக்கு, கைப்பிடிக் கணக்கு வேண்டாம். சமையல் எடைக்கருவி ஒன்று தனியாக வாங்கி மருந்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூளை முதலில் பிளாஸ்டிக் குவளையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இட்லி மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் குழையுங்கள். வேலை முழுவதிலும் முக்கியமான நிமிடம் இதுதான். பிறகு இன்னும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, பாதி நிரம்பிய டேங்கில் வடிகட்டி ஊற்றுங்கள். மீதித் தண்ணீரையும் நிரப்பி, ஒட்டும் திரவத்தைக் கடைசியாகச் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் நுரைதான் மிஞ்சும். டிரம்மில் மொத்தமாகக் கலப்பவர்கள், ஒவ்வொரு முறை மொள்ளும் முன்பும் அடி வரை கலக்க வேண்டும். ஒருவர் கலக்குவதற்கென்றே நிற்க வேண்டும். கைத்தெளிப்பானில் அடிப்பவர் டேங்கை அவ்வப்போது குலுக்கிக்கொள்ளட்டும். இடையில் டீ குடிக்கப் போனால், திரும்பி வந்ததும் முதல் வேலை குலுக்குவதுதான். இரும்பு, தகர வாளிகளைத் தவிருங்கள். தாமிரம் அவற்றை அரிக்கும்.

வாங்கிய தூள் நல்லதா என்று ஓரளவுக்கு வீட்டிலேயே பார்க்கலாம். பழைய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல தூள் விரைவில் நனைந்து தானாகவே கீழிறங்கும். கலக்கிவிட்டு அரை மணி நேரம் வையுங்கள். அப்போதும் தண்ணீர் பெருமளவு பச்சையாகக் கலங்கியே இருக்க வேண்டும். சில நிமிடங்களில் தெளிந்து அடியில் மணல் போலப் படிந்தால், அது ஈரம் பட்ட சரக்கு, அல்லது அரைப்பு சரியில்லாத சரக்கு. தாமிரத்தின் அளவை இந்தச் சோதனை காட்டாது. சந்தேகம் இருந்தால் ரசீதோடு வேளாண் துறை அலுவலரிடம் சொல்லி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

எதோடு சேர்க்கக் கூடாது?

அமிலத்தில் கரையும் என்று மேலே சொன்னேன். பயிர் கருகுவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி இதுதான். கரையாமல் மெல்ல மெல்லத் தாமிரத்தை விட வேண்டிய தூள், புளிப்பான தண்ணீரில் ஒரேயடியாகத் தாமிரத்தை விட்டுவிடும். இலை வெந்துபோகும்.

இப்போது கடைகளில் தண்ணீரின் பி.எச். அளவைக் குறைக்கும் திரவம் ஒன்றை எல்லா மருந்தோடும் சேர்த்துத் தருகிறார்கள். சில பூச்சிமருந்துகளுக்கு அது பயன்படும். தாமிர மருந்துக்கு அது எதிரி. நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சற்று உப்பும் காரமும் கலந்தது. இந்த மருந்துக்கு அந்தத் தண்ணீரே நல்லது. கலவையின் பி.எச். 6.5க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதே காரணத்தால் பஞ்சகவ்யா, மீன் அமிலம், புளித்த மோர்க் கரைசல், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் போன்ற புளிப்பான இலைவழி உரங்கள் எதையும் இதோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை முடியட்டும் என்ற ஆசை புரிகிறது. ஒரு வாரம் தள்ளி அடியுங்கள். ஃபோசெட்டில் அலுமினியம், பாஸ்பரஸ் அமில வகை மருந்துகளோடு சேர்ப்பதும் கூடாது. சுண்ணாம்புக் கந்தகம் போன்ற காரக் கலவைகளும் ஆகாது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பேசில்லஸ் இவையெல்லாம் உயிருள்ளவை. தாமிரத்தோடு ஒரே டேங்கில் போட்டால் நாமே காசு கொடுத்து வாங்கி நாமே கொல்வதாகும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரு வாரம் இடைவெளி விடுங்கள்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சையில் சொறி நோய்க்கும் ஆன்டிபயாடிக் தூளோடு சேர்த்து அடிக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. மனிதருக்குத் தேவையான மருந்தை வயலில் தெளித்துக் கிருமிகளைப் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போது யாருக்கும் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நாள் முழுவதும் வெயில் வராமல் மூடிக்கிடக்கும்போது, தெளித்தது காய நேரமாகும். அப்போதும் இலை கருக வாய்ப்புண்டு. இளங்குருத்து, பூத்திருக்கும் கட்டம், வெள்ளரிக் குடும்பத்து இளஞ்செடிகள் இவற்றில் கவனம் தேவை. புதிய ரகத்துக்கு முதல்முறை அடிப்பதென்றால் பத்துச் செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

மண்ணுக்கு ஊற்றும்போது

நாற்றங்காலில் நாற்றழுகல் கண்டால் லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றலாம். மஞ்சளில் கிழங்கழுகல் தொடங்கிய இடத்தைச் சுற்றியும் இதே அளவில் ஊற்றுகிறோம். ஆனால் மண்ணில் தாமிரம் மக்கோடும் களியோடும் சீக்கிரம் பிணைந்துவிடும். வடிகால் வெட்டாமல் தேங்கிய தண்ணீரிலேயே மருந்தை ஊற்றினால் அழுகல் நிற்காது. முதலில் மண்வெட்டி, பிறகு மருந்து.

எத்தனை முறை அடிக்கலாம்?

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை என்றால் 500 கிராம் தூள். அதில் தாமிரம் 250 கிராம். ஆண்டுக்கு எட்டு முறை அடித்தால் ஏக்கருக்கு 2 கிலோ. ஹெக்டேருக்குச் சொன்னால் சுமார் 5 கிலோ.

மற்ற மருந்துகள் நாளடைவில் சிதைந்துபோகும். தாமிரம் தனிமம் என்பதால் அது எதுவாகவும் சிதையாது. கழுவிக்கொண்டும் அதிகம் போகாது. மேல்மண்ணிலேயே தங்கும். நூறு ஆண்டுகளுக்கு மேல் தாமிரம் தெளித்துவந்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் மண்ணில் இது வெகுவாகச் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. இயற்கை விவசாயிகளுக்கும் இதே வரம்புதான். எட்டு முறை அடிக்கும் நம் தக்காளிக்காரர் அதைத் தாண்டிவிடுகிறார்.

தாமிரம் கூடினால் மண்புழு குறையும், நுண்ணுயிர்கள் சோரும், வேர் தடித்துக் கட்டையாகும், இரும்புச்சத்துக் குறை போல இளம் இலை வெளுக்கும். சேர்ந்த தாமிரத்தை வெளியே எடுக்க நடைமுறையில் வழி கிடையாது. ஆகவே நான் சொல்வது இதுதான்: ஒரு பயிருக்கு மூன்று, நான்கு தெளிப்புக்குள் நிறுத்துங்கள். மழைக்கு முந்தைய தெளிப்புக்கு இதை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் மேன்கோசெப் போன்ற வேறு காப்பு மருந்துக்கு மாறுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவது, செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக் காற்றோட்டம் தருவது, மாலையில் தண்ணீர் பாய்ச்சாமலிருப்பது இவையே இரண்டு தெளிப்பை மிச்சப்படுத்தும். இதையெல்லாம் சொன்னால் "மருந்து பேரைச் சொல்லுங்க சார்" என்பார்கள். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? நான்கைந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து தாமிரம் அடித்த நிலமென்றால், அடுத்த மண் பரிசோதனையில் நுண்ணூட்டங்களையும், குறிப்பாகத் தாமிரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாலக்கோட்டுத் தோட்டத்தில் அன்று அவர் வீட்டுக் குவளையிலேயே குழைத்துக் காட்டிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது பழைய இலைகளில் புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. மேலே விரிந்த இலைகள் சுத்தமாக இருந்தன. முதல் இரண்டு பறிப்பு அவருக்குக் கைவிட்டுப் போயிருந்தது. அதை மீட்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. மீன், நத்தை, பாசி ஆகியவற்றுக்குத் தாமிரம் கடும் நஞ்சு. டேங்க் கழுவிய தண்ணீரைக் கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ பண்ணைக் குட்டையிலோ ஊற்றாதீர்கள். அடித்த பயிரின் வரப்பு ஓரத்திலேயே தெளித்துவிடுங்கள். தூளைக் குழைக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிரித்த பாக்கெட்டை வாய்கட்டி, ஈரம் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழைத்த குவளை திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.